டிடி என்று வந்தால்

ஜீன் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் நோயைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், “இது யாரு பக்கத்துல இருந்து வந்தது?” என்றுதான் கேட்கிறார்கள். கொச்சியில் மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பம் என்றால் மருமகள் வாய் திறப்பதற்குள் மாமியார் கேட்டுவிடுவார். “அவங்க அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணும்மா. உங்க மகனுக்குப் பார்த்தாலும் ஒண்ணு இருக்கலாம்” என்பேன். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

நான் குடியிருப்பது வல்லார்பாடம் தீவில். வேலை கோஸ்ரீ பாலத்துக்கு அக்கரையில், எறணாகுளத்தில், ஒரு லேபில். குழந்தை வேண்டி வல்லார்பாடத்து மாதா கோயிலுக்கு வந்து, முற்றத்தைத் துடைப்பத்தால் பெருக்கி நேர்ச்சையை முடித்த கையோடு எங்களிடம் ரத்தம் கொடுக்க வருகிறவர்களும் உண்டு. இரண்டு முறை கரு கலைந்திருக்கும். யாரோ எம்டிஹெச்எஃப்ஆர் பார்க்கச் சொல்லியிருப்பார்கள்.

எம்டிஹெச்எஃப்ஆர் முதலாம் குரோமோசோமில் இருக்கிற ஒரு ஜீன். அதன் 677-ஆம் எழுத்து பெரும்பாலோருக்கு சி, சிலருக்கு டி. இந்த மாற்றத்தை 1995-இல் அடையாளம் காட்டியது கனடாவில், மான்ட்ரியலில் ரீமா ரோசனின் குழு. இந்த ஜீன் செய்கிற என்சைமுக்கு ரிபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமினிலிருந்து வரும் ஒரு துணைப்பொருள் அச்சாணி மாதிரி. டி வந்தால் அச்சாணி எளிதில் கழன்றுவிடும். அம்மாவிடமும் அப்பாவிடமும் இருந்து வந்த இரண்டு பிரதியும் டி, அதாவது டிடி என்றால், சோதனைக் குழாயில் என்சைமின் வேகம் சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கும். ஒன்று மட்டும் டி, அதாவது சிடி என்றால் 65.

கீரையிலும் பருப்பிலும் இருந்து வரும் ஃபோலேட்டை, மெத்தில் என்ற சின்னத் துணுக்கைச் சுமக்கிற வடிவத்துக்கு மாற்றுவது இந்த என்சைம். அந்த மெத்திலை பி12 வாங்கி ஹோமோசிஸ்டீனுக்குக் கொடுக்க, அது மெத்தியோனின் ஆகிறது. அங்கிருந்துதான் டிஎன்ஏ, மூளை ரசாயனங்கள், கொழுப்பு என்று உடம்பு முழுவதற்கும் மெத்தில் போகிறது. வழியில் தடை வந்தால் ஹோமோசிஸ்டீன் தேங்கும். சாப்பாட்டில் ஃபோலேட் தாராளமாக இருந்தால் டிடி ஆட்களுக்கும் அது பெரும்பாலும் ஏறுவதில்லை. ரிப்போர்ட்டில் அச்சாகாத வரி இதுதான்.

இந்த ஜீனைப் பார்க்க இப்போது ரியல் டைம் பிசிஆர் மெஷின் வந்துவிட்டது. நான் தொழில் கற்றது ஜெல்லில். ஜீனில் 198 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் பெருக்கி, ஹின்ஃப் ஒன் என்ற வெட்டும் என்சைமைப் போடுவோம். சி இருந்தால் அது தொடாது. டி இருந்தால் 175, 23 என்று இரண்டாக வெட்டும். 23 ஜெல்லின் அடியில் ஓடி மறைந்துவிடும். யூவி விளக்கில் சிசி ஒரு கோடு, டிடி அதற்குச் சற்றுக் கீழே ஒரு கோடு, சிடி இரண்டு கோடு. இடைவெளி மயிரிழைதான்; ஜெல்லைக் கெட்டியாக ஊற்றி நிதானமாக ஓட்டவேண்டும். என்சைம் பழசாகிவிட்டாலோ நேரம் போதவில்லை என்றாலோ பாதிதான் வெட்டும், டிடி ஆளுக்கு சிடி என்று வந்துவிடும். அதனால் டிடி என்று உறுதியாகத் தெரிந்த ஒரு சாம்பிளைப் பக்கத்திலேயே ஓட்டாமல் எந்த ஜெல்லையும் நான் நம்புவதில்லை.

ஹோமோசிஸ்டீன் டெஸ்ட் இதைவிடச் சிணுங்கி. ரத்தம் குழாய்க்குள் போன பிறகும் சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சுற்றிப் பிரிக்கவேண்டும். ஏப்ரல் வெயிலில் பைக் பையில் அலைந்து வந்த குழாயில் எண் கூடுதலாகத்தான் வரும். குழாயில் ஏறிய எண்ணுக்கும் சேர்த்து மாத்திரை விழுங்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஜீன் என்ன என்றே தெளிவாகத் தெரியாத காலத்தில் இந்தக் கதையின் பெரிய பாதியைத் திறந்தவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். 1928-இல் பம்பாய்க்கு வந்து, துணிமில் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் வரும் கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலும், சென்னையில் நாம் கோஷா ஆஸ்பத்திரி என்கிற இடத்திலும் வேலை செய்தார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று 1931-இல் எழுதினார். அதிலிருந்த பொருள் ஃபோலேட் என்பது பின்னால் தெரிந்தது. அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை அவர் கவனித்துப் பார்த்தார்.

நானும் அதைத்தான் கேட்கிறேன். எங்கள் தீவுக்காரர்கள் காயலிலிருந்து கக்கா இறைச்சி வாங்கித் தேங்காய்க்கொத்துப் போட்டு வறுத்துச் சாப்பிடுகிறவர்கள். பி12 நிறைந்த உணவு அது. மட்டாஞ்சேரியில் சாம்பார், ரசம், மோர் என்று சைவமாக இருக்கிறவர்களுக்குப் பருப்பிலிருந்து ஃபோலேட் வந்துவிடும். பி12-க்குப் பாலும் தயிரும்தான் கதி. அதையும் தண்ணீர் மோராக்கிவிட்டால் என்ன மிஞ்சும்? கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுகிற வீட்டில் ஃபோலேட்டும் தொட்டியோடு போகும். பி12 இல்லாமல், ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் ஆசிட்டை மட்டும் ஏற்றுவதும் ஆபத்து. சோகை மறைந்துவிடும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும். பூனாவில் யாஜ்னிக் என்ற டாக்டரின் குழு தாய்மார்களையும் குழந்தைகளையும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தது. கர்ப்பத்தில் பி12 குறைந்து ஃபோலேட் மட்டும் கூடியிருந்தவர்களின் குழந்தைகளுக்கு இன்சுலின் எதிர்ப்பு அதிகம் என்று 2008-இல் அது எழுதியது.

டிடி ஆட்களுக்கு ஃபோலிக் ஆசிட் வேலை செய்யாது, விலை கூடிய மெத்தில்ஃபோலேட்தான் வேண்டும் என்று சொல்லி விற்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. ஒரே அளவு ஃபோலிக் ஆசிட் எடுத்தால் டிடி ஆட்களின் ரத்த ஃபோலேட் சிசி ஆட்களைவிடச் சராசரியாகச் சுமார் 16 சதவீதம்தான் குறைவு. குழந்தையின் முதுகுத்தண்டுக் குறையைத் தடுக்கும் என்று பெரிய பரிசோதனைகளில் நிரூபணமானது சாதாரண ஃபோலிக் ஆசிட்தான். கரு கலைவதற்கும் ரத்தக்கட்டுக்கும் காரணம் தேடும்போது இந்த ஜீனைப் பார்க்கவேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013-இலேயே சொல்லிவிட்டது. இதைச் சொன்னால் எங்கள் லேபுக்கு வருமானம் குறையும், குறையட்டும்.

உங்கள் கையில் ஏற்கெனவே டிடி ரிப்போர்ட் இருந்தால் அதை மடித்து வைத்துவிட்டு, பி12-உம் ஹோமோசிஸ்டீனும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள், சி-யோ டி-யோ, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுக்கவேண்டும். முன் பிரசவத்தில் முதுகுத்தண்டுக் குறை வந்திருந்தால் அளவு இதைவிடப் பல மடங்கு. அதை டாக்டர்தான் எழுதவேண்டும். கர்ப்பிணிகளுக்கான இரும்பு-ஃபோலிக் மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.