தவணை முறையில் ஒரு மலை யாத்திரை

இரண்டாயிரம் மைலை ஒரே மூச்சில் நடந்து முடித்தவருக்கு உலகம் மாலை போடுகிறது. அதே தூரத்தை, கிடைத்த விடுமுறைகளில் சிறிது சிறிதாக நடந்து இருபது வருஷத்தில் முடித்தவரைப் பார்த்தால், "இவ்வளவு காலமா?" என்று கேட்கிறது. இந்தக் கேள்வி நியாயந்தானா? அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைவழியை முன்னிட்டுச் சற்று ஆராய்வோம்.

தெற்கே ஜார்ஜியா ராஜ்யத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கும் இந்த ஒற்றையடிப் பாதை, 14 ராஜ்யங்களைக் கடந்து, வடக்கே மெயின் ராஜ்யத்தின் கட்டாடின் சிகரத்தில் முடிகிறது. நீளம் ஏறக்குறைய 2,200 மைல். வழி தவறாதிருக்க, மரங்களிலும் பாறைகளிலும் இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமுமாக வெள்ளைப் பட்டை தீட்டியிருக்கிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் தெரிந்தால், திருப்பம் வருகிறது, ஜாக்கிரதை என்று பொருள்.

ஒரே தடவையில் நடந்து முடிக்க ஐந்தாறு மாதங்கள் செல்லும். அப்படிப் புறப்படுவோரிலும் நாலில் ஒருவரே கரையேறுகிறார். வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு ஆறு மாத லீவு யார் கொடுப்பார்கள்? ஆகவே அவர்கள் பகுதி பகுதியாக நடக்கிறார்கள்.

ஷெனன்டோவா, பொட்டோமாக் என்னும் இரு நதிகள் கூடும் ஹார்ப்பர்ஸ் பெர்ரி என்ற சிற்றூரின் வழியாகவும் இப்பாதை செல்கிறது. ஒரு கோடை விடுமுறையில் அங்கே அரைநாள் நடந்தபோது, தலை நரைத்த தச்சர் ஒருவரைச் சந்தித்தோம். பத்தொன்பது வருஷமாக நடக்கிறாராம்.

"நடப்பது கஷ்டமில்லை, ஐயா. வருஷந்தோறும் புதிதாகத் தொடங்குவதுதான் கஷ்டம். கால் பழகி, மூட்டையின் பாரம் தெரியாமல் போகிற நாளன்று லீவு தீர்ந்துவிடுகிறது" என்றார்.

அவர் அன்று நடந்துகொண்டிருந்தது முன்னொரு வருஷம் விட்டுப்போன முப்பது மைல். தாயார் காலமான செய்தி கேட்டுப் பாதி வழியில் திரும்பியிருந்தார். வடக்கே எவ்வளவோ தூரம் போய்விட்ட பிறகு, இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே மீண்டும் வந்திருக்கிறார். இத்தனைக்கும், முழுதும் நடந்ததாகச் சொல்வோரிடம் மலைவழிச் சங்கத்தார் சாட்சி கேட்பதில்லை; நடந்தவரின் வாக்கே போதும். அம்முப்பது மைலை அவர் விட்டிருந்தால் அறிவார் யார்?

இப்பாதை பிறந்த கதையும் தவணைக் கதையே. பெண்டன் மெக்காய் என்னும் வனவியலாளர் 1921-இல் இந்த யோசனையை வெளியிட்டார். முதற்பகுதி 1923-இல் நியூயார்க் ராஜ்யத்தில் திறக்கப்பட்டது. சனி ஞாயிறுகளில் மண்வெட்டியும் கோடரியுமாகக் காட்டுக்குச் சென்ற தொண்டர்கள் துண்டு துண்டாக வழி திறந்தார்கள். கடைசித் துண்டு 1937-இல் இணைந்தது. இப்பணிக்குத் தலைமை தாங்கிய மைரன் ஏவரி ஒரு வக்கீல். கைப்பிடி பூட்டிய சைக்கிள் சக்கரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டே வழிநெடுக தூரம் அளந்தார். பாதை முழுவதையும் முதன்முதலாக நடந்து முடித்தவரும் அவரே. ஆண்டு 1936, நடந்தது பல வருஷங்களாக, பகுதி பகுதியாகத்தான்! முழுவதையும் ஒரே தொடர்ச்சியாக நடந்ததற்குப் பெயர் பெற்ற முதல்வர் ஏர்ல் ஷாஃபர். அவர், யுத்தத்தில் பறிகொடுத்த நண்பரின் நினைவைச் சுமந்து 124 நாட்களில் நடந்தது 1948-இல்.

பாதையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1938-இல் வீசிய பெரும்புயலும், மலைமேல் போடப்பட்ட மோட்டார் சாலைகளும் அதை அறுத்தன. மறுபடி முழுமையாக இணைய 1951 வரை ஆயிற்று. 2024-இல் ஹெலீன் புயல் தெற்குப் பகுதிகளில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. தொண்டர்கள் மீண்டும் ரம்பத்துடன் சென்றார்கள். பத்து வருஷத்துக்கு முன் தாம் நடந்த வழி இன்று வேறு சரிவில் செல்வதைத் தவணை யாத்திரிகர் காணக்கூடும்.

பாதையை முழுதும் கடந்தவர்களுக்குச் சங்கத்தார் 'இரண்டாயிரம் மைலர்' என்று பட்டம் அளிக்கிறார்கள். ஐந்து மாதத்தில் முடித்தவருக்கும் முப்பது வருஷத்தில் முடித்தவருக்கும் பட்டம் ஒன்றே. ஏவரி வாங்கியதும் அதைவிட உயர்ந்ததன்று. நம் தச்சருக்கு மெயின் ராஜ்யத்துக் கரடுமுரடான மலைகள் இன்னும் பாக்கியிருக்கின்றன. முழங்கால் ஒத்துழைத்தால் மூன்று கோடைகள் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்.