வேர்க்காமல் வந்த அக்கா

1/ போன வருஷம் கத்திரி வெயில் நேரம். மதியம் கேஷுவாலிட்டி டூட்டி. கட்டட வேலை நடந்த இடத்துல மயங்கி விழுந்தாங்கன்னு ஒரு அக்காவைத் தூக்கிட்டு வந்தாங்க. சித்தாள். நாற்பது வயசு இருக்கும். பேர் கேட்டா ஏதோ உளறுறாங்க. உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ். தொட்டா கொதிக்குது, ஆனா ஒரு பொட்டு வேர்வை இல்லை.

காலையில இருந்து வெயில்ல கல் சுமந்தவங்களுக்கு ஏன் வேர்க்கலை?

2/ நம்ம தோல்ல 20 முதல் 40 லட்சம் வேர்வைச் சுரப்பிகள் இருக்கு. மூளையில ஹைப்போதலாமஸ்னு ஒரு சின்னப் பகுதி. உடம்பை 37 டிகிரியை ஒட்டியே வச்சுக்கறது அதோட பொறுப்பு. சூடு ஏறினா சுரப்பிகளுக்கு உத்தரவு போகும். ரத்தத்துல இருக்குற தண்ணிதான் கொஞ்சம் உப்போட வேர்வையா வெளிய வருது.

3/ வேர்வை வழிஞ்சா மட்டும் உடம்பு குளிராது. அது ஆவியாகணும். மண்பானைத் தண்ணி ஜில்லுன்னு இருக்குற அதே கணக்கு. ஒரு லிட்டர் வேர்வை முழுசா ஆவியானா சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துட்டுப் போகும். காத்துல ஈரம் அதிகமா இருந்தா ஆவியாகாது. சென்னையில சட்டை தொப்பலா நனைஞ்சும் புழுக்கம் தீராதது இதனாலதான்.

4/ கடுமையான வேலையில மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலகூட வேர்க்கலாம். அதுக்கு ஈடா தண்ணி உள்ள போகலைன்னா ரத்தத்தோட அளவு குறையும். தோலுக்கு வர்ற ரத்தமும் வேர்வையும் குறையும். சூடு மடமடன்னு ஏறும். 40 டிகிரியைத் தாண்டி புத்தியும் தடுமாறினா, அது ஹீட் ஸ்ட்ரோக். சிலருக்கு வேர்த்துக்கிட்டு இருக்கும்போதே வரும். அதனால "வேர்க்குதே, பயமில்லை"ன்னு இருந்துடாதீங்க.

5/ இதுக்கு பாராசிட்டமால் உதவாது. உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி ஃபேனைத் திருப்பி வச்சோம். கழுத்து, அக்குள், தொடை இடுக்குல ஐஸ். வேர்வை செய்ய வேண்டிய வேலையை நாங்க செஞ்சோம், அவ்வளவுதான். வெளியில இப்படி யாரையாவது பார்த்தா, 108-ஐக் கூப்பிட்டுட்டு, நிழலுக்குக் கொண்டு போய் உடனே நனைச்சு விசிறுங்க. நினைவு சரியில்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க.

6/ அக்கா பிழைச்சுக்கிட்டாங்க. மூணாம் நாள் ரவுண்ட்ஸ்ல கொஞ்சம் கோபமாவே கேட்டேன்: "ஏங்க்கா, இவ்வளவு வெயில்ல தண்ணிகூடக் குடிக்காம வேலை பார்ப்பீங்களா?"

அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொன்னாங்க: "குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே டாக்டர். அங்க சுத்தி ஆம்பளைங்க."

எனக்குப் பதில் வரலை. படிச்ச அஞ்சரை வருஷத்துல ஹீட் ஸ்ட்ரோக்குக்கு இப்படி ஒரு காரணத்தை யாரும் சொல்லித் தரலை.

7/ கட்டடத் தொழிலாளர்களுக்கு குடிதண்ணியும் கழிப்பறையும் தரணும்னு 1996-லயே சட்டம் வந்தாச்சு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஓஆர்எஸ் பாக்கெட் எழுதிக் கொடுத்தேன். அதைக் குடிச்சுட்டு அவங்க எங்க போவாங்க?

உங்க தெருவுலயோ உங்க வீட்டுக்கோ கட்டட வேலை நடந்தா, குடத்துல தண்ணி இருக்கான்னு பாருங்க. கூடவே, அங்க வேலை பார்க்குற பொம்பளைங்களுக்குக் கதவு போட்ட ஒரு கழிப்பறை இருக்கான்னும் மேஸ்திரிகிட்ட கேளுங்க. இல்லைன்னா உங்க வீட்டுதைத் திறந்து விடுங்க.