மாமியார் ஏறின டிராம்

மாத்திரை சாப்பிட்டாச்சா என்று ஒரே காலையில் நாலு தரம் கேட்பார் என் மாமியார். அவரையா கூட்டத்துக்கு அழைத்துப் போவது?

2004 முதல் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி நடக்கும் சென்னை தின நிகழ்ச்சிகளில் ஒன்று, பழைய புகைப்படக் காட்சி. தெருத்தெருவாய் நடந்து பார்ப்பதற்கு அவர் முழங்கால் இடம் தராது. இதில் நாற்காலி உண்டு. (இலவசம் வேறு!)

திரையில் டிராம். "1895-ல் ஓட ஆரம்பிச்சது, 1953-ல் நின்னுபோச்சு" என்றார் பேச்சாளர்.

"மழை பெய்தாத்தான் எங்களுக்கு டிராம். இல்லேன்னா பள்ளிக்கூடத்துக்கு நடைதான்!" மாமியார் குரல்! மணிச் சத்தம், கண்டக்டரை ஏய்த்து இறங்கினது... பத்து நிமிஷம் பேசினார். முப்பது வருஷம் ஒரே சமையலறை; நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள், "நேத்து எங்கே போனோம்?" என்றார்.

சொன்னேன்.

"டிராம்லயா போனோம்?"

அடுப்பை அணைத்துவிட்டு, நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.