சீட்டு எழுத ஓர் ஆள்

ஆடி 7, புதன்

இடப்புறக் கீழ்வரிசையில் கடைவாய்ப் பல் ஒன்று, வெந்நீர் பட்டால் கூசுவதும் பிறகு மறந்துபோவதுமாக நெடுநாள் இருந்தது, இன்று விடியற்காலையில் முழு உபத்திரவமாகிவிட்டது. படுத்தால் வலி துடிக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் சற்றே தணிகிறது. வாயை மூடினால் அந்த ஒரு பல் மட்டும் உயர்ந்து நிற்பதுபோல் மேற்பல்லில் முந்திக்கொண்டு இடிக்கிறது. வேரின் நுனியில் சீழ் கட்டத் தொடங்கியதற்கு இவை லட்சணங்கள்.

நாளை ஆடி அமாவாசை. அழகர்மலைமேல் நூபுர கங்கையில் நீராடவும் ராக்காயி அம்மனைத் தரிசிக்கவும் மேலூர்ப் பக்கத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் மாலை முதலே ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். அப்படி வந்த உறவினர் ஒருவர் கள்ளழகர் சந்நிதியிலிருந்து அழகர் தோசை வாங்கி வந்து கொடுத்தார். உளுந்தும் மிளகும் நெய்யும் சேர்ந்து தடித்து, விளிம்பில் முறுகி, நல்ல பல் உள்ளவனையே சோதனைக்குள்ளாக்கும் அந்தப் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பேரனிடம் கொடுத்துவிட்டேன்.

புதூரில் எங்கள் குடும்பத்துக்கு வைத்தியராயிருந்தவர் காலமான பிறகு, இன்னார் எங்கள் வைத்தியர் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு ஒருவரும் வாய்க்கவில்லை. என் தகப்பனாருக்குச் சர்க்கரை எப்போது வந்தது, என் மனைவிக்குப் பென்சிலின் ஊசியால் உடம்பெல்லாம் தடித்தது எந்தப் பிரசவத்தில் என்பதெல்லாம் ஏட்டைப் புரட்டாமலே அவருக்குத் தெரியும். அத்தகைய ஒருவர் இல்லாத வீட்டில் வைத்தியம் குறைவதில்லை; ஊரில் உள்ளவர் யாவரும் வைத்தியர்களாகிவிடுகிறார்கள் என்பதே விசேஷம். எதிர்வீட்டு அம்மாள் கிராம்புத் தைலம் கொடுத்தனுப்பினார். அதில் உள்ள சத்து நரம்பைச் சற்றே மரக்கச் செய்யும் என்பது உண்மை. உப்புக் கரைத்த வெந்நீரால் வாய் கொப்பளிக்கச் சொன்னவரும் பழுதாகச் சொல்லவில்லை. மற்றொருவர், கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பல்லிலுள்ள பூச்சி உதிர்ந்துவிடும் என்று சாதித்தார். பல்லைக் குடைவது பூச்சி என்னும் நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் வெகுகாலம் இருந்தது. பியேர் ஃபோஷார் என்னும் பிரெஞ்சுப் பல் வைத்தியர் 1728இல் வெளியிட்ட நூலில், தாம் உருப்பெருக்கியால் நோக்கியும் அப்படி ஒரு பூச்சியைக் காணவில்லை என்று எழுதிவைத்தார். நான் புகை பிடிக்கவில்லை.

ஆடி 8, வியாழன், அமாவாசை

கன்னம் வீங்கிவிட்டது, இலேசான ஜுரமும் உண்டு. இன்றைய கூட்டத்தில் மதுரைப் பேருந்தில் ஏறுவது இயலாத காரியமாகையால், நாளை காலை புறப்படுவதாக நிச்சயித்து, ஜுரத்துக்குப் பாரசிட்டமால் வாங்கச் சாலையோரத்து மருந்துக்கடைக்கு மட்டும் போய்வந்தேன்.

எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி ஒருத்தி, முந்தானையால் தாடையைப் பொத்திக்கொண்டு, "தம்பி, பல்லுவலிக்கு ஒரு செட்டு குடுப்பா" என்றாள். கடைக்காரர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அட்டைகளிலிருந்து கத்தரிக்கோலால் நறுக்கி, அமாக்சிசிலின் இரண்டு, மெட்ரோனிடசோல் இரண்டு, வலிக்கு இரண்டு, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று என்று சிறிய காகித உறையில் போட்டு, "சாப்பிட்டுட்டுப் போடு அப்பத்தா, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு" என்றார். மூன்று வேளை உண்ண வேண்டிய மருந்து இரண்டு வேளையாயிற்று. சில நாட்கள் தொடர வேண்டியது ஒரு நாளோடு முடிந்தது. நறுக்கப்பட்ட துண்டில் மருந்தின் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை, மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாது என்பதற்காக அட்டையில் நெடுக இழுக்கப்பட்டிருக்கும் செங்கோடும் பாதிதான் இருந்தது.

என் முறை வந்தபோது, என் கன்னத்தைப் பார்த்தவுடனேயே அவர் கை அதே அட்டைகளை நோக்கிச் சென்றது. வேண்டாமென்று தடுத்து, சீட்டில்லாமல் இவற்றைக் கொடுப்பது சட்டவிரோதமல்லவா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "தெரியும்யா. சீட்டு கொண்டாந்தா தர்றேன்னு அந்த அப்பத்தாட்ட சொல்லலாம். எழுதறவரு எங்கப்பா இருக்காருன்னு அது திருப்பிக் கேட்டா, நான் எந்தப் பக்கம் கையைக் காட்டுறது?" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் உண்டு. ஆனால் பல் மருத்துவர் எல்லா நிலையங்களிலும் இருப்பதில்லை. வெளிநோயாளிகளைப் பார்ப்பது பெரும்பாலும் முற்பகலில். கூலிக்காரர்கள் வயலிலும் நூறுநாள் வேலையிலும் இருக்கும் நேரமும் அதுவே. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே அந்த மூதாட்டிக்கு மதுரை சென்றுவர ஒரு காசும் செலவில்லை. செலவாவது அன்றைய கூலி. காகித உறையின் விலை அதில் ஒரு சிறு பங்கு. இந்தக் கணக்கை அவள் தப்பாகப் போட்டாள் என்று நான் சொல்லமாட்டேன்.

இரவு

தூக்கம் பிடிக்கவில்லை, கடைக்காரரின் கேள்வியையே மனம் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தின்கீழ் 1945இல் வகுக்கப்பட்ட விதிகளில் ‘எச்’ அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் அடங்கிய மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டைக் கண்டே விற்க வேண்டும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளாகிய அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் அதில் அடங்கியவையே. விதிக்கு வயது எண்பது; அது மீறப்படும் வழக்கத்துக்கும் ஏறக்குறைய அதே வயதாகியிருக்கும்.

இப்படித் தாராளமாகப் புழங்கும் மருந்துக்குக் கிருமி அடங்காமற் போவதே இதிலுள்ள ஆபத்து. 2010இல், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஒரு கட்டுரை ‘லான்செட்’ குழுமத்துச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்து, மிக வலிய மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் சென்னையிலும் ஹரியானாவிலும் நோயாளிகளிடம் காணப்படுவதை உலகுக்குத் தெரிவித்தது. அந்த எதிர்ப்பாற்றலைத் தரும் நொதிக்குப் புதுடில்லியின் பெயரை முன்னரே சூட்டியிருந்ததால் எழுந்த கோபதாபத்தில், விஷயத்தைவிடப் பெயரே அதிகம் விவாதிக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து, 2012 ஆகஸ்டில், மருத்துவர் அப்துல் கஃபூரின் முயற்சியால் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ என்று ஒன்றை வெளியிட்டன. அதில் என் மனத்தைக் கவர்ந்தது அதன் கடுமையன்று, நிதானம். மருத்துவர் அரிதாயிருக்கும் கிராமங்கள் நிறைந்த தேசத்தில், எல்லா நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளையும் ஒரே நாளில் சீட்டுக்குள் அடைத்துவிட்டால், மருந்து கிடைக்காமலே மடிபவர்களும் இருப்பார்கள். ஆகவே மிக உயர்ந்த மருந்துகளை முதலில் காப்போம், மற்றவற்றுக்குப் படிப்படியாகச் செல்வோம் என்பது அதன் போக்கு. அந்தப் போக்கிலேயே ‘எச்1’ என்னும் புதிய அட்டவணை 2013இல் அறிவிக்கப்பட்டு, 2014 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. தொடக்கத்தில் 46 மருந்துகளைக் கொண்டிருந்த அந்த அட்டவணையில் உள்ளவற்றை விற்கும் கடைக்காரர், எழுதிய மருத்துவரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் கொடுத்த அளவையும் தனிப் பதிவேட்டில் குறித்து, மூன்றாண்டு காக்க வேண்டும்.

ஆக, அப்பத்தாவின் அமாக்சிசிலின், சட்டப்படி குற்றமாகவும், நடைமுறையில் பொறுத்துக்கொள்ளப்பட்டதாகவும் இடையில் நிற்கிறது. மருத்துவர் வரும் வரையில் என்று விடப்பட்ட இடைவெளி அது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் இன்னும் வந்தபாடில்லை.

ஆடி 9, வெள்ளி

அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி என்று பேருந்து ஒவ்வோர் ஊரிலும் நின்று குலுங்கியபோதெல்லாம் பல் தன் இருப்பை அறிவித்தது. மதுரையில் நான் கண்ட பல் மருத்துவர், என் மகள் வயதுள்ள ஒரு பெண். வாயைத் திறக்கச் சொல்லுமுன் அவர் கேள்விகள் கேட்டார். "சுகர் இருக்காங்கய்யா? பென்சிலின் மாத்திரை இதுக்கு முந்தி சாப்பிட்டு ஒத்துக்காமப் போயிருக்கா? இரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறீங்களா? மது உண்டா?" கடைசிக் கேள்விக்கு நான் விழித்ததைக் கண்டு, மெட்ரோனிடசோல் உண்ணும் நாட்களில் மது அருந்தினால் வாந்தியும் படபடப்பும் வரக்கூடுமென்றும், இரத்தம் உறையாமல் தடுக்கும் சில மருந்துகளோடு அது சேர்ந்தால் இரத்தப்போக்குக்கு இடமாகுமென்றும் விளக்கினார். நேற்றைய காகித உறையோடு இவற்றுள் ஒரு கேள்வியும் கொடுக்கப்படவில்லை.

பிறகு மரப்பு ஊசி போட்டுப் பல்லின் தலையில் துவாரமிட்டார். சீழ் வெளியேறிய அக்கணத்தில் கிடைத்த சுகத்தை வர்ணிக்கப் புகுந்தால் இந்த நாட்குறிப்பு வேறு ரசத்துக்குப் போய்விடும். அவர் சொன்ன காரணம்தான் முக்கியம். விழுங்கிய மருந்து இரத்தத்தின் வழியாகவே எங்கும் சென்று சேர வேண்டும். பல்லின் உட்சதை அழுகி, அதனுள் ஓடும் இரத்தக்குழாய்கள் மடிந்துவிட்ட பின், கிருமி குடியிருப்பது தெருவே அடைபட்டுப்போன வீட்டில். மாத்திரை சுற்றுப்புறத்து வீக்கத்தைத் தணிக்கும், உள்ளே புகாது. ஆகையால் வலி நின்று, மனிதர் மறந்து, சில வாரங்களிலோ மாதங்களிலோ அதே இடத்தில் மறுபடி சீழ் கட்டும். மறுபடி ஒரு செட்டு வாங்கப்படும். பல்லைத் திறந்து வேரைச் சுத்தம் செய்வது, அல்லது பிடுங்குவது, இரண்டில் ஒன்றே சிகிச்சை. ஜுரமோ பரவும் வீக்கமோ இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தே தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வழிகாட்டியிருக்கிறது.

எனக்கு ஜுரமும் கன்ன வீக்கமும் இருந்தபடியால், அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், வேளைக்கு ஒன்றாக நாளைக்கு மூன்று வேளை என்று எழுதி, மூன்றாம் நாள் தொலைபேசியில் நிலைமையைச் சொல்லும்படி பணித்தார். சீட்டில் என் பெயர், வயது, அவருடைய பதிவு எண் எல்லாம் இருந்தன. வேர்ச்சிகிச்சையை முடித்து உறை போட ஆகும் தொகையையும் சொன்னார். அது அப்பத்தாவின் பல நாள் கூலி. பல்லைப் பிடுங்குவதாயின் அரசு மருத்துவமனையில் செலவின்றியே முடியும். ஏழையின் வாயில் பற்கள் விரைவில் குறைவதற்கு இந்த வித்தியாசமே போதிய காரணம்.

ஆடி 12, திங்கள்

வீக்கம் வடிந்துவிட்டது. ஓய்வாக இருந்தபடியால், அமாக்சிசிலின் எந்த இனத்தைச் சேர்ந்ததோ அந்தப் பென்சிலினின் பூர்வோத்தரத்தைச் சற்றே புரட்டினேன். 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் இந்த மருந்தைச் சிகிச்சையாகப் பெற்ற முதல் நோயாளி ஒரு போலீஸ்காரர். முகத்தில் தொடங்கிய கிருமி கண்ணையும் நுரையீரலையும் பிடித்துவிட்ட நிலையில் ஊசி போட, அதிசயிக்கத்தக்க விதமாகத் தேறினார். மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரிலிருந்தே மீட்டெடுத்து மறுபடி செலுத்தியும் இருப்புத் தீர்ந்தது. நோய் திரும்பி, அவர் இறந்தார். ஒரு துளிக்காக அவ்வாறு பரிதவித்த பொருள்தான் இன்று கத்தரிக்கோலால் நறுக்கப்படுகிறது.

1945 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றுப் பேசிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், கடையில் யாரும் பென்சிலின் வாங்கக்கூடிய காலம் வரும் என்று முன்னறிந்து, ஒரு கற்பனைக் குடும்பத்தைச் சித்திரித்தார். தொண்டைவலிக்காகக் கணவன் தானாகவே வாங்கி அரைகுறையாக உண்கிறான். சாகாமல் தப்பிய கிருமி மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றி, அவளுக்கு அந்த மருந்து பலிக்காமற் போகிறது. மருந்தைக் கண்டவரே, அது பெருவாரியாகப் புழக்கத்துக்கு வந்த காலத்திலேயே, மேடையேறிச் சொன்ன எச்சரிக்கை அது. நமக்குக் கேட்கவில்லை.

ஆடி 15, வியாழன்

வழியில் அதே கடைக்காரர், "பல்லு எப்படிங்கய்யா இருக்கு?" என்று குசலம் விசாரித்தார். பேச்சு நீண்டது. 2024இல் கேரளத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில், சீட்டில்லாமல் இம்மருந்துகளை விற்கும் கடைகளைத் திடீர்ச் சோதனை செய்தார்களே, இங்கும் அப்படி வந்தால் என்ன செய்வீர் என்றேன். "வந்தா நிறுத்திருவேன்யா, எனக்கென்ன? சனங்க அடுத்த ஊருக்குப் போகும்" என்றார்.

என் அபிப்பிராயத்தில் சோதனை வேண்டும். ஆனால் அதற்கு முன் வேறொன்று வேண்டும். சென்னையில் 1953லும் புதுக்கோட்டையில் 2023லும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் ஏற்பட்டன; தனியார் கல்லூரிகளிலிருந்தும் ஆண்டுதோறும் பட்டதாரிகள் வெளிவருகிறார்கள்; அவர்களில் வேலை தேடுவோரும் உண்டு. வாரத்தில் சில மாலைகளிலாவது, கூலி வேலை முடியும் நேரத்தில், ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு பல் நாற்காலியும் அதன் பக்கத்தில் சீட்டு எழுத ஒரு கையும் இருக்குமாயின், அப்போது கடைக்காரரிடம் கண்டிப்புக் காட்டுவது நியாயமாகும். அதற்குமுன் காட்டப்படும் கண்டிப்பு அப்பத்தாவைத்தான் தண்டிக்கும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பல்வலியோடு கூடிய வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்தை நோக்கி இறங்கினாலோ, வாயைத் திறக்கவும் எச்சிலை விழுங்கவும் முடியாமற் போனாலோ, நாக்கு மேலெழும்பிக் குரல் மாறினாலோ, அது 1836இல் லூட்விக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் விவரித்த நோயாக இருக்கலாம். சில மணி நேரத்தில் மூச்சை அடைத்துவிடும். சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்நிலையில் மருந்துக்கடைக்கும் போக வேண்டாம், விடியட்டும் என்றும் இருக்க வேண்டாம். 108க்குத் தொலைபேசி செய்யுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு இரவு முழுவதும் திறந்திருக்கிறது. அங்கே சீட்டும் மருந்தும் இலவசம்.