இருபத்தாறு ராத்தல் காற்று

மனிதனுக்கு உண்டாகும் சபலங்களில் இன்னது இன்ன வயதில்தான் வரும் என்று நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. தலை நரைத்த பிறகு சிலருக்கு வீணை கற்றுக்கொள்ள வேண்டுமென்று தோன்றுகிறது. சிலருக்குக் காசி யாத்திரையில் மனம் செல்கிறது. எனக்கோ ஐம்பத்திரண்டாவது வயதில், இரண்டே பேர் உட்காரக்கூடியதும் மேற்கூரையை மடித்துப் பின்னால் தள்ளக்கூடியதுமான ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமென்று தோன்றிற்று.

உத்தியோக நிமித்தம் நாங்கள் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் இருபது வருஷங்களாகக் குடியிருந்து வருகிறோம். வீட்டில் நாங்கள் மூன்று பேர். "இரண்டு பேர்தான் உட்காரலாம் என்றால் மூன்றாவது ஆள் பின்னால் ஓடி வருவதா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் சபலத்துக்கும் நியாயத்துக்கும் என்றைக்கு உறவு இருந்திருக்கிறது?

நான் வாங்கியது மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்னும் ஜப்பானிய வண்டி. 1989-ம் வருஷம் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக உலகத்தின் முன் வைக்கப்பட்டது. பழைய ஆங்கிலேயத் திறந்த வண்டிகளின் உல்லாசத்தை, மழையில் நின்றுவிடும் அவற்றின் பிடிவாதம் மட்டும் இல்லாமல், ஜப்பானியர் மறுபடியும் உண்டாக்கிக் காட்டினார்கள். 2016-ம் வருஷத்தில் இந்த வரிசையின் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. குதிரையும் அதன் மேல் ஏறியவனும் ஓருடல் ஆவது போல் வண்டியும் ஓட்டுகிறவனும் ஒன்றாக வேண்டும் என்பது இதைச் செய்தவர்களின் கொள்கை. எனக்குக் கிடைத்தது முதல் தலைமுறை வண்டி. என் பெண்ணைவிட அதற்கு வயது அதிகம்.

வண்டியோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமே இல்லை. சபலத்துக்குக் குட்டி போடும் குணம் உண்டு. பழைய பதினாலு அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பதினைந்து அங்குலச் சக்கரங்கள் வாங்கினேன். 185/60 அளவு டயர் இருந்த இடத்தில் 195/50 அளவுள்ள, பிடிப்பு அதிகமான உயர்ந்த ரகம் வந்து உட்கார்ந்தது. டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய முன்போலவேதான், 577 மில்லிமீட்டர் சுமார். ஆனால் பக்கச் சுவரின் உயரம் 111 மில்லிமீட்டரிலிருந்து 97-க்கு இறங்கிவிட்டது.

இப்போது ஒரு கேள்வி எழுந்தது. இதற்குள் எவ்வளவு காற்று அடிப்பது? வண்டியோடு வந்த புத்தகம் நான்கு சக்கரங்களுக்கும் 26 ராத்தல் என்கிறது. அதாவது சதுர அங்குலத்துக்கு 26 ராத்தல் அழுத்தம். 'அது பழைய டயருக்குச் சொன்னது. புது டயருக்கு எப்படிப் பொருந்தும்?' என்று நினைத்தேன். புது டயரின் பக்கத்தில் உற்றுப் பார்த்தேன். பொடி எழுத்தில் 44 என்று போட்டிருந்தது. டயரைச் செய்தவனுக்குத் தெரியாததா என்று 44 அடித்துவிட்டேன்.

எந்தப் பாமரனும் செய்யக்கூடிய தவறுதான் இது. ஆயினும் நான் என்ஜினீயரிங் படித்துப் பட்டம் வாங்கியவன். அந்த 44 என்பது 'இவ்வளவு அடி' என்ற உத்தரவு அல்ல, 'இதற்கு மேல் போகாதே' என்ற எச்சரிக்கை. பாத்திரத்தின் கழுத்து வரை நீர் கொள்ளும் என்பதற்காகத் தாகமுள்ளவன் அவ்வளவையும் குடித்தாக வேண்டுமா?

அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. என் பெண்ணைச் சங்கீத வகுப்பிலிருந்து அழைத்துக்கொண்டு வந்தேன். ஒரு வட்டச் சந்தியில் திரும்பினேன். வேகமும் சற்று அதிகம்தான், மறைப்பானேன்? திடீரென்று வண்டியின் பின்புறம் என் பேச்சைக் கேட்கவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்தவாறு புல்தரையில் ஏறி நின்றோம். ஒரு பெரிய லாரி விளக்குகளைக் காட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போயிற்று. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பெண் மட்டும் என் கையைப் பிடித்த பிடியை வெகு நேரம் விடவில்லை.

வீடு வந்ததும், "அப்பா! இனிமேல் நான் இதில் ஏறமாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது என்னைச் சுட்டது. என் மனைவி, "வண்டியை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குழந்தையை அதில் அழைத்துக்கொண்டு போக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்" என்றாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எப்போதோ காலமாகிவிட்ட என் தகப்பனாரின் நினைவு வந்தது. கும்பகோணத்தில் அவர் பள்ளிக்கூட உபாத்தியாயர். எங்கள் வீட்டில் இருந்த ஒரே வாகனம் சைக்கிள். அவர் தனியே போகும் நாளில் பம்பை நாலு தடவை குறைவாக அழுத்துவார். பின்னால் நானும் அரிசி மூட்டையுமாகப் போகும் நாளில் நாலு தடவை அதிகமாக அழுத்துவார். டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "சைக்கிளுக்குக் காற்று அடிக்காதேடா, ஏறுகிறவனுக்கு அடி" என்பார். என் பட்டப் படிப்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கம் என்பது அன்றுதான் விளங்கிற்று.

எழுந்து காகிதத்தில் கணக்குப் போட்டேன். வண்டி, இரண்டு பேர், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து சுமார் 1,100 கிலோ. ஒரு சக்கரத்துக்குச் சுமார் 275 கிலோ, அதாவது 600 ராத்தல். இந்தப் பாரத்தை உள்ளே இருக்கும் காற்றுதான் பெரும்பாலும் தாங்குகிறது. 26 ராத்தல் அழுத்தமானால் தரையில் பதியும் இடம் ஏறக்குறைய 23 சதுர அங்குலம். 44 ஆனாலோ 14 சதுர அங்குலத்துக்கும் குறைவு. டயரின் சுவருக்கும் சொந்த விறைப்பு உண்டாகையால் இது துல்லியமான கணக்கு அல்ல. ஆனாலும் போக்கு விளங்குகிறது. பிடிப்பு வேண்டுமென்று கைப்பணம் செலவழித்து அகலமான டயர் வாங்கியவன், காற்றை மிதமிஞ்சி அடித்து, அந்தப் பிடிப்பில் பாதியைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டேன்! போதாக்குறைக்கு, விறைத்துப்போன டயர் மேடுபள்ளங்களில் பந்துபோல் துள்ளும். துள்ளும் கணத்தில் தரையைப் பிடிப்பதேது?

மற்றொன்றும் கவனித்தேன். டயரின் மேல் 82 என்று ஓர் எண் இருக்கிறது. அது பாரத்தின் குறியீடு; 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ வரை தாங்கும். பழைய டயருக்கும் இதே 82 தான். ஆகவே பாரம் தாங்குகிற விஷயத்தில் புத்தகம் சொன்ன 26 புது டயருக்கும் செல்லும். அதுவே ஆரம்பிக்க வேண்டிய இடம். அதற்கு மேல் ஓரிரண்டு ராத்தல் கூட்டுவதும் குறைப்பதும் அவரவர் சோதித்து அறிய வேண்டியது.

பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் விடியற்காலையில், பிரிஸ்டலுக்குத் தெற்கேயுள்ள மெண்டிப் குன்றுகளுக்குத் தனியே போனேன். செட்டர் மலைப்பிளவின் ஊடே வளைந்து வளைந்து போகும் சாலை அது. சட்டம் அனுமதித்த வேகத்தில், அதே சாலையில், ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாறுதல் என்று விரதம் வைத்துக்கொண்டேன். டயரின் ஓரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்தேன். 24 ராத்தலில் திருப்பங்களில் வண்டி சோம்பலாயிற்று. சுண்ணாம்பு பக்கச் சுவர் வரையில் அழிந்திருந்தது. 32-ல் ஓரத்துக் கோடு அழியவே இல்லை. டயர் நடுவயிற்றால் மட்டும் ஓடியது என்று அர்த்தம். 26 நன்றாகவே இருந்தது. 28-ல் சக்கரத்தைத் திருப்பியதும் வண்டி உடனே பதில் சொல்லிற்று; கோடும் ஓரத்தோடு நின்றது. முன்னும் பின்னும் 28 என்று தீர்மானித்தேன்.

காற்றை அளப்பதிலும் ஒரு தர்மம் உண்டு. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்று, டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். அரை மணி ஓடியபின் என் 28 என்பது 31, 32 என்று ஏறிக் காட்டும். அதைக் கண்டு பயந்து காற்றைத் திறந்துவிடுவது பெரும் பிசகு. பருவமும் சும்மா இருப்பதில்லை. பத்து டிகிரி குளிர் கூடினால் ஒன்றரை ராத்தல் போலக் குறையும். அக்டோபரில் 28 வைத்தது ஜனவரியில் ஒரு துளி கசியாமலே 26 ஆகிவிடும். புதிய வண்டிகளில் இதை எச்சரிக்க ஒரு விளக்கு உண்டு. என் கிழ வண்டிக்கு நான்தான் விளக்கு.

இவ்வளவையும் வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை. நிரூபித்துக்காட்டி அழைத்தால் அது வழக்காடுவதாகிவிடும் என்று சும்மா இருந்தேன். டிசம்பரில் ஒரு நாள் காலை, வாசலில் குந்தியபடி அளந்துகொண்டிருந்தபோது, பெண் அருகில் வந்து நின்றாள்.

"என்ன செய்கிறாய், அப்பா?"

தாத்தாவின் சைக்கிளைப் பற்றிச் சொன்னேன். அளக்கும் கருவியைக் கையில் வாங்கினாள். நான்கு டயர்களையும் தானே அளந்தாள். பின்புறம் இடது டயரில் 26 என்றாள். கால் பம்பை மிதித்து 28 ஆக்கினாள். அப்புறம் சிறிது நேரம் யோசித்தாள்.

"இது உனக்கு மட்டும் அடித்ததா, நம் இரண்டு பேருக்குமா?" என்று கேட்டாள்.

"இரண்டு பேருக்கும்தான்" என்றேன்.

கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன்.