அந்த நாப் என்னுடையது

ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் ஆறு ஆண்கள், கூட நான். கச்சேரி தொடங்க அரை மணி நேரம் இருந்தது. சவுண்டு பார்க்கும் அண்ணன் மேடையேறி வந்து என் காலடியில் குனிந்தார். என் ஃபேசர் பெடலின் நாப்பை வலப்பக்கம் நன்றாகத் திருகிவிட்டு, "இப்போ வாசிம்மா, சூப்பரா இருக்கும்" என்று சொல்லி இறங்கிப் போனார். எனக்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு கிடார்காரரிடம் நான்கு பெடல்கள் இருந்தன. அவற்றில் ஒன்றையும் தொடவில்லை.

அன்று இரவு முழுக்க அவர் வைத்த வேகத்திலேயே வாசித்தேன். மாற்றினால் திமிர் என்பார்களோ என்று பயம்.

என்னிடம் இருப்பது எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90. 1974இல் அமெரிக்காவில் வந்த பெடல். ஆரஞ்சு நிறம், உள்ளங்கை அளவு உலோகப் பெட்டி, ஒரே ஒரு நாப். செகண்ட்ஹேண்டில்தான் வாங்கினேன், ஆனால் என் சம்பளத்தில். முன்பு கடையில் விலை கேட்டபோது, "தம்பிக்காம்மா?" என்றார்கள்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது. ராத்திரியில் ஹெட்போன் மாட்டித்தான் பழகுவேன். ஒருநாள் அம்மாவின் காதில் மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டவர், "ஆடி மாசத்துல கோயில் ஸ்பீக்கருங்க நடுவுல நடந்தா இப்படித்தான கேக்கும்" என்றார். மிகச் சரி. இரண்டு கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களில் ஒரே பாட்டு ஓடும். ஒன்றின் ஒலி முந்தியும் மற்றதன் ஒலி பிந்தியும் நம்மிடம் வந்து சேரும். நடக்க நடக்கச் சில ஒலிகள் காணாமல் போய்த் திரும்ப வரும்.

பெடலுக்குள்ளும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. கிடாரின் ஒலி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்படியே போகிறது. மற்றது நான்கு படிகளைக் கடக்கும்போது அதன் அலைகள் நகர்ந்துவிடுகின்றன. இரண்டும் மறுபடி சேரும்போது, ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் நேருக்கு நேர் வரும் இடங்களில் ஒலி அழிகிறது. ஃபேஸ் 90இல் அப்படி இரண்டு இடங்கள். அந்த இரண்டு பள்ளங்களும் மேலும் கீழும் போய்வருவதைத்தான் நம் காது சுழலும் ஒலியாகக் கேட்கிறது. எவ்வளவு வேகமாகப் போய்வர வேண்டும் என்பதைத்தான் நாப் தீர்மானிக்கிறது.

இதையெல்லாம் நான் ஆசைக்காக மட்டும் படிக்கவில்லை. அடுத்த முறை யாராவது குனிந்தால் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்றுதான் படித்தேன். பக்கத்தில் நின்றவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

எங்கள் பகுதியில் கானா ஆண்களின் பாட்டாகவே இருந்தது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவார்கள், பெண்கள் தள்ளி இருந்து கேட்போம். ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி அதை மேடையில் பாடினார். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி செய்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் அவர் ஒருவர்தான் பெண். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அவரைப் பார்த்த பிறகுதான் கிடாரை வீட்டைவிட்டு வெளியே எடுத்தேன். மேடையில் இடம் கிடைத்தால் போதும் என்று அப்போது நினைத்திருந்தேன். நம் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்வது தனிப் போராட்டம் என்று தெரியாது.

அடுத்த கச்சேரியிலும் அதே அண்ணன். அதேபோல் குனிந்தார், திருகினார். அவர் இறங்கும் முன்பே நான் உட்கார்ந்து பழைய இடத்துக்குத் திருப்பினேன்.

"ஏம்மா மாத்துற?"

"சட்டி ஏற்கெனவே வேகமா போவுதுண்ணா. இதுவும் வேகமா சுத்துனா கிடாரு வெறும் நடுக்கமா கேக்கும். நாலு வரிக்கு ஒரு சுத்து போதும்."

குரல் கொஞ்சம் நடுங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். கோபமோ என்று முதல் பாட்டு முழுக்கக் கவலையாகவே இருந்தது. இரண்டாவது பாட்டில் என் கை பெடலை மறந்தது.

இப்போதெல்லாம் கீழேயிருந்தே கேட்கிறார்: "உன் செட்டிங் ஓகேவாம்மா?" பக்கத்து ஆளிடம் அதையும் கேட்பதில்லை. இருந்தாலும், குனிவதற்குக் கேட்பது மேல்.