ஒரு டிரைவரும் ஒரு தங்கச்சியும்

இன்னிக்கு ஒரு பழைய அசிங்கத்தைச் சொல்லிடறேன். லினக்ஸ் பொட்டி வெச்சிருக்கவங்களுக்குக் கொஞ்சம் உதவும். தங்கச்சி வெச்சிருக்கவங்களுக்கு இன்னும் கொஞ்சம் உதவும்.

2023 ஆகஸ்ட். லீவுல ஊருக்குப் போயிருந்தேன். பாப்பாவுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங். நான் சேர்ந்தப்போ அப்பாவோட அண்ணா யுனிவர்சிட்டிக்கு நேர்ல போய் சீட் எடுத்தோம். 2018லேர்ந்து ஆன்லைன். காலேஜ் வரிசையை நாமளே போட்டு லாக் பண்ணணும். மறுநாள் சாயங்காலம் கடைசி. ஒரு வாரமா யோசிச்சு, காலேஜ் கோடு எல்லாம் வரிசையா அவ லேப்டாப்ல டைப் பண்ணி வெச்சிருந்தா. அதுல விண்டோஸைத் தூக்கிட்டு டெபியன் 12 போட்டுக் குடுத்த புண்ணியவான், சாட்சாத் அடியேன்தான் :-)

ராத்திரி எட்டு மணிக்குச் சும்மா இருக்காம அப்டேட் குடுத்தேன். ரீபூட் ஆச்சு. வைஃபை காணோம். லேன் போர்ட்டும் கிடையாது.

"பத்து நிமிஷம் பாப்பா"ன்னேன்.

எல்எஸ்பிசிஐ அடிச்சா கார்டு தெரியுது. எந்த டிரைவர் ஓட்டுதுங்கற வரி மட்டும் இல்ல. மோட்ப்ரோப் அடிச்சா, அப்படி ஒரு மாட்யூலே இல்லைங்குது. டிரைவரைத் திரும்பப் போட நெட் வேணும், நெட்டுக்கு டிரைவர் வேணும். போனைச் சொருகி டெதரிங் பண்ணலாம்னா, வீட்ல இருந்த கேபிள் சார்ஜ் மட்டும் ஏத்துற ரகம். உள்ள டேட்டா கம்பியே கிடையாது.

அம்மா சாப்பிடக் கூப்டாங்க, போகல. நடுவுல பாப்பா வந்து "அஞ்சு நிமிஷம் குடுண்ணா"ன்னு லேப்டாப்பை வாங்கி, நோட்ல என்னமோ எழுதிட்டுப் போனா. வேலை கெடுதேன்னு எரிஞ்சு விழுந்தேன்.

மணி ஒண்ணு இருக்கும். அப்பதான் உறைச்சுது. அந்தக் கார்டோட டிரைவர் கெர்னல் கூடவே வர்றது இல்ல. தனியா கம்பைல் பண்ணிப் போடறது. ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூல் வைக்கத் தனித்தனி ஃபோல்டர். அப்டேட்ல புது கெர்னல் வந்துடுச்சு, அதுக்கான ஹெடர் வரல. ஏன்னா நான் அன்னிக்கு ஓடிட்டிருந்த வெர்ஷனுக்கு மட்டும் ஹெடர் போட்டிருந்தேன். ஹெடர் இல்லாம டிகேஎம்எஸ் என்னத்தைக் கட்டும்?

பழைய கெர்னல் எங்கயும் போகல. ரீபூட் பண்ணி, க்ரப் மெனுவுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்குள்ள போய் அதைத் தேர்ந்தெடுத்தேன். வைஃபை வந்துடுச்சு! அஞ்சு மணி நேரமா கண்ணு முன்னாடி இருந்த வழி. எல்லாக் கெர்னலுக்கும் கூடவே வர்ற ஹெடர் பேக்கேஜை இறக்கினேன், டிகேஎம்எஸ் புதுசுக்கும் மாட்யூல் கட்டிடுச்சு. சுபம்.

உலகக் கோப்பை ஜெயிச்ச மாதிரி வெளிய வந்தேன். பாப்பா பாய்ல முழிச்சுக்கிட்டுதான் படுத்திருந்தா.

"ரெடி பாப்பா, வா."

"நான் பத்தரைக்கே அப்பா போன்ல போட்டு லாக் பண்ணிட்டேண்ணா."

ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல. "ஃபர்ஸ்ட் சாய்ஸ் என்ன போட்ட?"

"சிவில். போடலாமா வேணாமான்னு ஒரு வாரமா உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். நீ பிஸியாவே இருந்த."

வீட்ல இருக்கற ஒரே இன்ஜினியர் நான். ஒரு கார்டுகிட்ட அஞ்சு மணி நேரம் "உனக்கு என்னதான் பிரச்சினை"ன்னு கேட்டேன். அவகிட்ட ஒரு தடவை கேக்கல.

சிவில்தான் சேர்ந்தா. சந்தோஷமாத்தான் படிக்கறா. அது அவளே எடுத்த முடிவு, என் பங்கு அதுல ஒண்ணும் இல்ல.

டிஸ்கி: அப்டேட்டுக்கு அப்புறம் வைஃபை போச்சுன்னா, முதல்ல பழைய கெர்னல்ல பூட் பண்ணிப் பாருங்க. அதுக்கும் முன்னாடி, பக்கத்துல யாராவது ஏதாவது கேக்க நிக்கறாங்களான்னு பாருங்க.